எண்ணிப் பார்ப்போமா?

 

திருத்தணி எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று உங்கள் பிள்ளையைக் கேட்டால், 'தமிழ்நாட்டில்' என்று உடனே விடை வரும. இதே கேள்வியை 1959ஆம் ஆண்டில் ஒரு பிள்ளையிடம் கேட்டிருந்தால், 'ஆந்திரத்தில்' என்பதே சரியான விடையாக இருந்திருக்கும். மலை நகரவில்லை. மலைக்கு ஏறும் 365 படிகளும் இடம் மாறவில்லை. மாறியது எல்லைக்கோடு ஒன்றுதான்.

1953ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் உதயமானபோது, சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அதன்பால் சென்றது. ம.பொ.சிவஞானம் அவர்களும், ஆசிரியப் பணி ஆற்றிய மங்கலங்கிழார் அவர்களும், அவர்களோடு பல்லாயிரவரும் வடக்கெல்லைக்காகப் போராடினர். இரு மாநிலங்களுக்கும் நடுவராக எச்.வி. படாஸ்கர் வந்தார். கிராமத்தை ஓர் அலகாகக் கொள்வது, அங்கே மிகுதியானோர் பேசும் மொழி எது என்று காண்பது, நிலத்தொடர்ச்சி அறுபடாமல் பார்த்துக்கொள்வது என்ற முறையில் எல்லை வகுக்கப்பட்டது. 1959இல் சட்டம் இயற்றப்பட்டு, 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதி தமிழகத்தோடு இணைந்தது. சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குச் சென்றது.

கோரிக்கையை எழுப்பியது போராட்டம். கோட்டை வரைவதற்குத் துணை நின்றது தலைக்கணக்கு. எந்தக் கிராமத்தில் எந்த மொழி பேசுவோர் எத்தனை பேர் என்று வீடு வீடாகச் சென்று கேட்டு எழுதி வைத்த ஏட்டின் எண்கள், மக்கள் எந்த ஆட்சியின்கீழ் வாழ்வது, அவர்தம் பிள்ளைகள் எந்த மொழியில் பாடம் கற்பது என்பதையெல்லாம் முடிவு செய்யும் வலிமை பெற்றிருந்தன.

நம் தமிழில் 'எண்ணுதல்' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. கணக்கிடுதல் ஒன்று, சிந்தித்தல் மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிய நம் முன்னோரின் நுட்பத்தை நினைவூட்டும் ஒரு படிப்பைப் பற்றியே இம்மாதம் உங்களோடு பேச விழைகிறேன்.

ஒரு தந்தையின் கேள்வி

விசைத்தறி ஓட்டிப் பிழைக்கும் வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். "ஹஜ்ரத் அவர்களே! என் மகள் பி.ஏ. தேறிவிட்டாள். சமூகக் கொள்கையும், புள்ளியியல் வழியான ஆய்வு முறைகளும் கற்பிக்கும் முதுகலைப் படிப்பில் சேர வேண்டும் என்கிறாள். டாக்டர் என்றால் புரிகிறது. இன்ஜினீயர் என்றாலும் புரிகிறது. இது என்ன படிப்பு? இதனால் யாருக்கு என்ன பயன்? உறவினர் கேட்டால் நான் என்ன சொல்வது?" என்பது அவருடைய கேள்வி.

நியாயமான கேள்வி. தறியில் நின்று சேர்த்த பணத்தைச் செலவிடப் போகிறவர், அது எங்கே போகிறது என்று கேட்கத்தான் வேண்டும். அவருக்குச் சொல்லும் விடை, இதே நிலையில் உள்ள மற்றப் பெற்றோருக்கும் உதவும் என்று கருதியே இங்கு எழுதுகிறேன்.

சமூகக் கொள்கை என்பது என்ன? பசித்தவனுக்கு உணவு, நோயாளிக்கு மருந்து, குழந்தைக்குக் கல்வி, விதவைக்கு உதவி, முதியோருக்கு ஓய்வூதியம், வீடில்லாதவனுக்கு வீடு இவற்றை ஓர் அரசு எவ்வாறு அளிக்கிறது? யாருக்கு அளிக்கிறது? செலவை யார் ஏற்கிறார்கள்? யார் விடுபட்டுப் போகிறார்கள்? இவற்றை ஆராய்வதே அத்துறை. நமக்குத் தெரிந்த சான்று சத்துணவு. 1982ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். அவர்களின் ஆட்சியில் அத்திட்டம் விரிந்த அளவில் தொடங்கியது. நாடெங்கும் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்க வேண்டும் என்று 2001ஆம் ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2022இல் தமிழகத்தில் காலை உணவுத் திட்டமும் வந்தது. அரிசி வாங்குவதும் அடுப்பு மூட்டுவதும் நிர்வாகம். குழந்தையின் எடை கூடியதா, பள்ளிக்கு வரும் பிள்ளைகள் பெருகினரா, அதற்கு உணவுதான் காரணமா அன்றி வேறேதும் காரணமா என்று கேட்டு விடை காண்பது ஆய்வு. அந்த ஆய்வைச் செய்யும் முறையைக் கற்பிப்பதே இப்படிப்பின் மறுபாதி.

இது மேல்நாட்டிலிருந்து நேற்று வந்த புதுமை என்று எண்ண வேண்டாம். 1915ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கு முதற் பேராசிரியராக வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். வந்தவர் வகுப்பறையிலேயே இருந்துவிடவில்லை. மாணவர்களின் கையில் வினாப்பட்டியலைக் கொடுத்து, சொந்தக் கிராமங்களுக்கு அனுப்பி, நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று கேட்டு வரச் செய்தார். தென்னாற்காட்டு இருவேல்பட்டு, வடாற்காட்டுத் தூசி, திருநெல்வேலிக் கங்கைகொண்டான் முதலிய ஊர்களைப் பற்றிய அந்த ஆய்வுகள் 1918இல் நூலாக வெளிவந்தன. அதே ஊர்களுக்கு 1930களில் பேராசிரியர் பி.ஜே. தாமஸ் தலைமையில் மீண்டும் சென்றார்கள்; பின்னரும் சென்றார்கள். இருவேல்பட்டுக்கு 2008ஆம் ஆண்டு வரை ஆய்வாளர்கள் போயிருக்கிறார்கள். ஒரே ஊரைத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுக் கேட்டு எழுதிய பதிவு உலகில் மிகச் சில இடங்களுக்கே உண்டு. அதன் தொடக்கம் நம் சென்னையில், கல்லூரி மாணவர்களின் கால் நடையில் அமைந்தது.

பதம் பார்க்கும் கலை

"எல்லாரையும் கேட்காமல் சிலரை மட்டும் கேட்டு எல்லாரைப் பற்றியும் எப்படிச் சொல்ல முடியும்?" என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் பாட்டிமார் சொல்லவில்லையா? அதுவே மாதிரி எடுத்தல்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. சோற்றுப்பானை ஒரே சீராக வெந்திருக்க வேண்டும். வலீமா விருந்தில் தம் போட்ட பிரியாணித் தேக்சாவின் மேலே இருக்கும் வெள்ளைச் சோற்றை மட்டும் ஒரு வாய் எடுத்துப் பார்த்து, "இறைச்சியே இல்லை" என்று எவரேனும் தீர்ப்புச் சொன்னால் சமையற்காரர் சிரிப்பார். கரண்டி அடி வரை போக வேண்டும். சமூகத்துக்கும் அதுவே விதி. மேலே இருப்பவரை மட்டும் கேட்டுவிட்டு அடியில் இருப்பவரைப் பற்றிப் பேசலாகாது.

ஆடிக் கிருத்திகை நாளில் திருத்தணி மலையடிவாரத்தில் நின்று, எதிர்ப்படும் நூறு பேரிடம் கேட்டு, "திருத்தணிவாசிகள் இப்படிப்பட்டவர்கள்" என்று எழுதினால் அது பொருந்துமா? அன்று அங்கே இருப்போரில் பெரும்பாலோர் வெளியூர் யாத்திரிகர் அல்லரா? விடியற்காலைச் சென்னை மின்சார ரயிலின் நடைமேடையில் நின்று கேட்டால், வெளியூரில் வேலை கிடைத்தவர்கள்தாம் அகப்படுவார்கள். வேலையற்று வீட்டில் படுத்திருப்பவன் அகப்பட மாட்டான்.

இனி நம் வீட்டுக் காரியத்துக்கு வருவோம். ஒரு மஹல்லாவில் ஜகாத் நிதி வழங்க, தேவையுள்ள குடும்பங்களைக் கண்டறிய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் வாயிலில் நின்று எழுதிக்கொள்வது எளிது. பல ஊர்களில் அப்படித்தான் நடக்கிறது. யார் விடுபடுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஜும்ஆவுக்குப் பெண்கள் வராத ஊரில், கணவனை இழந்து தனியே பிள்ளைகளை வளர்க்கும் தாயின் வீடு அந்த ஏட்டில் ஏறாது. படுத்த படுக்கையாய்க் கிடக்கும் முதியவர் ஏற மாட்டார். முதலாளி அனுப்பாததால் கடையிலேயே நிற்கும் சிப்பந்தி ஏற மாட்டான். வளைகுடாவுக்குப் போனவன் பணம் அனுப்பாமல் போனால், அவன் மனைவியின் நிலையும் ஏறாது. எவருக்காக அந்த நிதி இருக்கிறதோ அவர்களே பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்கள்! எழுதியவரிடம் கெட்ட எண்ணம் ஏதுமில்லை, முறைதான் தவறு. முறை தவறினால் நல்ல நெஞ்சமும் அநீதி செய்துவிடும் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

சராசரி என்னும் சொல்லிலும் எச்சரிக்கை வேண்டும். ஒரு தெருவில் பத்து வீடுகள். ஒன்பது வீடுகளில் மாத வருமானம் 10,000 ரூபாய். பத்தாவது வீட்டில் 2,10,000 ரூபாய். கூட்டிப் பத்தால் வகுத்தால் சராசரி 30,000 ரூபாய்! "இத்தெருவார் வசதியானவர்கள்" என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் 30,000 ரூபாய் சம்பாதிக்கும் வீடு அத்தெருவில் ஒன்றுகூட இல்லையே! வீடுகளை வருமான வரிசையில் நிறுத்தி நடுவில் உள்ளதைப் பார்த்தால் 10,000 என்ற உண்மை தெரியும். இதனையே இடைநிலை அளவு என்கிறார்கள். பள்ளிக் கணக்கு நூலில் இருப்பதுதான். தெருவில் இறங்கும்போது அது யாருக்குச் சோறு போடுவது என்ற கேள்வியாகிறது.

நம்மைப் பற்றிய எண்கள்

எண்களை நாம் கற்காவிட்டாலும், நம்மைப் பற்றிய எண்கள் பேசப்படாமல் இருப்பதில்லை. 2004ஆம் ஆண்டு செப்டம்பரில், 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் சமயவாரி விவரங்கள் வெளியாயின. 1991 முதல் 2001 வரையில் இந்திய முஸ்லிம்களின் தொகை 36 விழுக்காடு பெருகிவிட்டதாக ஓர் எண் நாடெங்கும் பரவியது. பத்திரிகைகளில் தலைப்புகள், மேடைகளில் முழக்கங்கள். ஆனால் 1991இல் ஜம்மு காஷ்மீரில் கணக்கெடுப்பே நடைபெறவில்லை. 2001இல் நடைபெற்றது. முந்தைய கணக்கில் இல்லாத ஒரு மாநிலத்தைப் பிந்தைய கணக்கில் சேர்த்தால், பெருக்கம் மிகையாகத் தோன்றாதா? அதனைச் சரிசெய்து பார்த்தபோது பெருக்கம் 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியது. அதற்கு முந்தைய பத்தாண்டில் இருந்ததைவிட அது குறைவு. 2001 முதல் 2011 வரையிலான பத்தாண்டில் அது 24.6 விழுக்காடாக மேலும் குறைந்தது. 'ஏறுகிறது' என்று முழங்கப்பட்ட எண் உண்மையில் இறங்கிக்கொண்டிருந்தது!

அந்த முழக்கத்துக்கு மறுமொழி உரத்த குரல் அன்று, "1991இல் எந்த மாநிலம் விடுபட்டது?" என்ற ஒரு வினாவே. அதை எழுப்பக் கற்றவர் நம் ஊர்தோறும் ஒருவர் இருந்திருந்தால், அந்நாளில் எத்தனை தேநீர்க்கடைகளில் எத்தனை மனக்கசப்புகள் தவிர்க்கப்பட்டிருக்கும்!

மற்றொன்று என் சொந்தத் தொழிலைத் தொட்டது. முஸ்லிம்களின் சமூக, பொருளாதார, கல்வி நிலையை அறிய 2005ஆம் ஆண்டு மார்ச்சில், டெல்லி உயர்நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி ராஜிந்தர் சச்சார் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. பொருளியல் அறிஞர் அபூசாலிஹ் ஷரீஃப் அதன் உறுப்பினர் செயலராக இருந்தார். மக்கள் தொகைக் கணக்கு, தேசிய மாதிரி ஆய்வு, வங்கிகள் மற்றும் அரசுத் துறைகளின் பதிவுகள் ஆகியவற்றை ஒருங்கே வைத்துக் கணக்கிட்டு, 2006 நவம்பரில் அக்குழு அறிக்கை அளித்தது. முஸ்லிம் குழந்தைகள் எல்லாரும் மதரஸாவில்தான் படிக்கிறார்கள் என்ற எண்ணம் அதுவரை பலரிடம் இருந்தது. பள்ளி செல்லும் வயதுடைய முஸ்லிம் குழந்தைகளில் ஏறத்தாழ 3 விழுக்காட்டினரே மதரஸாவில் பயில்கிறார்கள் என்று அறிக்கை காட்டியது. முழுநேர மதரஸாவையும், பள்ளி நேரத்துக்கு முன்னும் பின்னும் குர்ஆன் ஓதக் கற்பிக்கும் மக்தபையும் ஒன்றென மயங்கியதே அத்தவறான எண்ணத்துக்கு ஒரு காரணம் என்றும் விளக்கியது.

தமிழகத்தில் இம்மயக்கம் இன்னும் எளிது. நாம் காலையும் மாலையும் நடக்கும் ஓதுமிடத்தையே மதரஸா என்கிறோம். ஆலிம் பட்டம் தரும் முழுநேரக் கல்விக்கூடத்தை அரபிக் கல்லூரி என்கிறோம். வடநாட்டு வழக்கில் எழுதப்பட்ட வினாப்பட்டியலோடு ஒருவர் நம் வீட்டு வாசலில் வந்து, "உங்கள் பிள்ளை மதரஸாவுக்குப் போகிறானா?" என்று கேட்டால், தாய் மகிழ்ச்சியோடு "ஆமாம்" என்பாள். அவன் ஒன்பது மணிக்கு அரசுப் பள்ளிக்குப் போவதை அவர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. பொய் சொன்னவர் யாருமில்லை. ஆயினும் ஏட்டில் ஏறியது உண்மையில்லை. இந்தத் தெருவின் பேச்சு வழக்கை அறிந்த ஒருவர் வினாவை எழுதும் இடத்தில் அமர்ந்திருந்தால் இது நேராது. மகளே, நீ ஏன் இப்படிப்பைப் படிக்க வேண்டும் என்று எவரேனும் கேட்டால், இதனையே முதற்காரணமாகச் சொல்!

நமக்கு இனிக்கும் எண்ணையும் இதே கண்டிப்போடு நோக்க வேண்டும். 2001ஆம் ஆண்டுக் கணக்குப்படி எழுத்தறிவு பெற்றோர் இந்திய அளவில் 64.8 விழுக்காடு, முஸ்லிம்களில் 59.1 விழுக்காடு. தமிழகத்திலோ மாநில அளவு 73.5 விழுக்காடாக இருக்க, முஸ்லிம்களின் அளவு 82.9 விழுக்காடு. பெருமைப்படலாம், ஆனால் உடனே மார்தட்டலாகாது. அக்கணக்கின்படி தமிழக முஸ்லிம்களில் நால்வரில் ஏறக்குறைய மூவர் நகரவாசிகள். மாநில மக்களிலோ நகரவாசிகள் பாதிக்கும் குறைவு. பள்ளிகள் மிகுந்த நகரத்தில் எழுத்தறிவும் மிகுதியாகத்தான் இருக்கும். ஆகவே நகரத்தாரை நகரத்தாரோடும், கிராமத்தாரைக் கிராமத்தாரோடும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே நம் முயற்சி எவ்வளவு, நகரத்தின் கொடை எவ்வளவு என்று சொல்ல முடியும். மேலும், எழுதப் படிக்கத் தெரிந்தவர் வேறு. பட்டம் பெற்றவர் வேறு. ஒரு படியில் முன்னே இருப்பவர் அடுத்த படியில் பின்தங்கியிருக்கக்கூடும்.

2007ஆம் ஆண்டு தமிழகத்தில் பிற்படுத்தப்பட்டோருக்கான ஒதுக்கீட்டுக்குள் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனியே வழங்கப்பட்டது. அப்போது கிறித்தவர்களுக்கும் அதே அளவு தரப்பட்டது. தனி ஒதுக்கீட்டால் தங்களுக்கு நன்மையில்லை என்று கருதி, அது வேண்டாம் என்று அவர்களே கேட்டதால் 2008இல் அவர்களுடைய ஒதுக்கீடு விலக்கிக்கொள்ளப்பட்டது. கொடுப்பது எவ்வளவு என்பதோடு, முன்பு பெற்றுவந்தது எவ்வளவு என்பதையும் அறிந்தவரே ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்ய முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

நமக்கு அந்நியமா இந்தக் கலை?

ஸஹீஹுல் புகாரியில் ஹுதைஃபா (ரலி) அவர்கள் வழியாக வரும் செய்தி ஒன்றுண்டு. இஸ்லாத்தை ஏற்றவர்களின் பெயர்களை எழுதித் தருமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். 1500 ஆடவர் என்று கணக்கு வந்தது. வேறு அறிவிப்புகளில் 500 என்றும், 600க்கும் 700க்கும் இடையில் என்றும் எண்கள் வருகின்றன. விரிவுரை எழுதிய அறிஞர்கள் இந்த வேறுபாட்டை மூடி மறைக்கவில்லை. யாரைச் சேர்த்து எண்ணியிருக்கக்கூடும்? போருக்குரியவர்களை மட்டுமா, எல்லாரையுமா? நகருக்குள் இருந்தோரையா, சுற்றுப்புறத்தாரையும் சேர்த்தா? என்றெல்லாம் ஆராய்ந்தார்கள். இன்றைய ஆய்வு முறை வகுப்பில் முதல் நாள் கேட்கப்படும் கேள்வியும் அதுவே: எண்ணப்பட்டவர் யார்?

1332இல் துனீஸ் நகரில் பிறந்த இப்னு கல்தூன் தம் 'முகத்திமா'வின் தொடக்கத்திலேயே, மூஸா (அலை) அவர்களின் படையில் ஆறு இலட்சம் பேர் இருந்ததாக வரலாற்றாசிரியர் எழுதியதை ஏற்க மறுக்கிறார். அத்தனை பேர் ஒரு களத்தில் அணிவகுத்து நிற்க இடம் ஏது, ஒரு முனையில் நடப்பதை மறு முனை அறிவது எங்ஙனம் என்று கேட்கிறார். பெரியவர் ஒருவர் எழுதிவிட்டார் என்பதற்காக ஓர் எண் உண்மையாகிவிடாது என்னும் துணிவு நம் மரபுக்குப் புதிதன்று.

எண்ணுக்கும் ஓர் எல்லை

எண்ணே எல்லாம் என்று நான் சொல்லவில்லை. திருத்தணியைச் சுற்றிய ஊர்களில் வீட்டில் உருதும், சந்தையில் தெலுங்கும், பள்ளியில் தமிழும் பேசும் குடும்பங்கள் உண்டு. கணக்கு ஏட்டில் தாய்மொழிக்கு இருப்பது ஒரே ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்குள் ஒரு குடும்பத்தின் வாழ்க்கை முழுவதும் அடங்கிவிடுமா? ஆகவே நல்ல ஆய்வாளர் எண்ணிய பிறகு திண்ணையில் அமர்ந்து கேட்கவும் செய்வார்.

அதேபோல், எண்ணை எடுப்பதில் அறமும் உண்டு. விடை சொல்ல மறுக்கும் உரிமை வீட்டாருக்கு உண்டு. சொன்ன விடை வெளியே போகாது என்ற வாக்குறுதி காக்கப்பட வேண்டும். 'உதவி பெறும் விதவைகள்' என்று பெயர்ப்பட்டியலைப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டுவது கணக்கு அன்று, அவமதிப்பு. பிறர் குறையை மறைக்கும்படி கற்பிக்கப்பட்ட நமக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

ஆயினும் வாயற்றவர்களுக்காக எண்ணே வாயாக நின்ற நேரங்களும் உண்டு. 1991ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 849 பேரே இருந்தனர். மறுத்தும் மறைத்தும் பேசப்பட்ட பெண் சிசுக்கொலையை அந்த எண் அம்பலமாக்கியது. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. பேசத் தெரியாத குழந்தைகளுக்காகப் பேசியது ஓர் ஏட்டின் ஒரு வரி!

பெற்றோர்க்குச் சில சொற்கள்

கடிதம் எழுதிய சகோதரருக்கு இப்போது நேரடியாகச் சொல்கிறேன். இப்படிப்புக்கு இடமில்லாமல் இல்லை. சென்னைச் சமூகப்பணிக் கல்லூரி 1952 முதல் இருக்கிறது. மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனம் 1936இல் தொடங்கப்பெற்றது. சென்னையில் மால்கம் ஆதிசேஷையா 1971இல் நிறுவிய வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் முனைவர் பட்ட ஆய்வுக்கு உரியது. புள்ளியியலில் ஆழ்ந்து செல்ல விரும்புவோருக்கு, பி.சி. மகாலனோபிஸ் கொல்கத்தாவில் தோற்றுவித்த இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கிளை சென்னையிலும் உண்டு. சேருமுன் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். கட்டணத்தோடு, உதவித்தொகை எது, விடுதி எங்கே என்பதையும் கேட்டறியுங்கள்.

வேலை? அரசின் திட்டத் துறைகள், பொருளியல் புள்ளியியல் துறை, ஆய்வு நிறுவனங்கள், மருத்துவ ஆராய்ச்சி, தொண்டு நிறுவனங்கள், பத்திரிகைகள் ஆகிய இடங்களில் தரவைக் கையாளத் தெரிந்தவருக்குத் தேவை இருக்கிறது. டாக்டர் பட்டம்போல வாசலில் பலகை மாட்டும் தொழிலன்று. முதல் சம்பளம் சிறிதாகவும் இருக்கலாம். இதை மறைத்துச் சொல்வது நேர்மையாகாது. ஆனால் கணக்கையும் கணினியையும் நன்கு கற்ற பெண் எங்கே போனாலும் அவள் கைத்தொழில் அவளோடு போகும்.

கலைப் பிரிவில் படித்தவர்கள் கணக்கைக் கண்டு அஞ்சுகிறார்கள். நானும் கலைப் பட்டதாரிதான். அந்த அச்சத்தை அறிவேன். இப்படிப்புக்கு வேண்டியது, சராசரி, இடைநிலை அளவு, திட்டவிலக்கம், ஒட்டுறவு என்று படிப்படியாக ஏறும் பொறுமை. பெருக்கலையும் வகுத்தலையும் கணினி செய்துவிடும். 'ஆர்' என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. 1992 முதல் நடைபெறும் தேசியக் குடும்பநல ஆய்வின் தரவுகளை மாணவர்கள் விண்ணப்பித்துப் பெற்றுப் பயிலலாம். கணினி செய்யாத வேலை ஒன்றுதான்: எதைக் கேட்பது, யாரைக் கேட்பது, வந்த விடையை எவ்வளவு நம்புவது என்று முடிவு செய்வது. அதற்குக் கலைப் படிப்புத் தந்த மொழியறிவும் வரலாற்றறிவும் துணையே அன்றித் தடையல்ல.

மகளை வெளியூர் அனுப்பத் தயங்கும் உங்கள் மனமும் எனக்குப் புரிகிறது. ஆனால் இதனையும் எண்ணிப் பாருங்கள். வினாப்பட்டியலோடு செல்பவர் ஆணாக இருந்தால், நம் தெருக்களில் பல வீடுகளின் கதவு பாதிதான் திறக்கும். உள்ளே இருக்கும் பெண்ணின் நோயும் கடனும் கண்ணீரும் வெளியே வரா. அவள் மனம் திறந்து பேசுவது மற்றொரு பெண்ணிடமே. உங்கள் மகளால் திறக்கக்கூடிய கதவுகளை நம்மில் எவராலும் திறக்க முடியாது.

வரவிருக்கும் கணக்கு

2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள் தொகைக் கணக்கெடுப்பு அவ்வாண்டில் நடைபெறவில்லை. 2027 மார்ச் முதல் நாளை அடிப்படை நாளாகக் கொண்டு, சாதி விவரமும் சேர்த்துக் கணக்கெடுப்பு நடத்தப்படும் என்று மத்திய அரசு 2025இல் அறிவித்தது. 1931க்குப் பிறகு எல்லாச் சாதிகளின் தொகையும் மக்கள் தொகைக் கணக்கில் வெளியிடப்பட்டதில்லை.

தமிழக அரசின் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் பட்டியலில் அன்சார், தக்கினி, துதேகுலா, ராவுத்தரும் மரைக்காயரும் உள்ளிட்ட லப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையது என்று ஏழு பிரிவுகள் உள்ளன. ஒரே தெருவில் ஒரு வீட்டார் ஒரு பெயரையும், அடுத்த வீட்டார் வேறு பெயரையும், மூன்றாம் வீட்டார் 'முஸ்லிம்' என்று மட்டும் சொன்னால், சிதறிய அந்த எண்களை வைத்து நாளை யார் எதைக் கேட்க முடியும்? உங்கள் சான்றிதழில் என்ன இருக்கிறது என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். வீட்டில் உள்ள முதியவரையும், கைக்குழந்தையையும், வேலைக்கு வெளியூர் சென்றவரையும் எப்படிச் சொல்வது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கணக்கெடுக்க வருபவரை வாசலில் நிறுத்தாமல், அமரச் செய்து, தண்ணீர் கொடுத்து, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கூட்டியும் சொல்ல வேண்டாம்; குறைத்தும் சொல்ல வேண்டாம்.

உங்கள் மஹல்லாவில் பள்ளியை இடையில் விட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? ஜமாஅத் நிர்வாகிகளைக் கேட்டுப் பாருங்கள். 'நிறையப் பேர்' என்று விடை வந்தால், அங்கே இன்னும் எவரும் எண்ணவில்லை என்று பொருள். அந்த வேலையை முறையாகச் செய்யக் கற்ற ஒரு மகளோ மகனோ உங்கள் ஊருக்குக் கிடைக்க வல்ல இறைவன் அருள் புரிவானாக! வஸ்ஸலாம்.